பேய்க்கதையும் பிரஸ் மெஷினும்: ஓர் ஆய்வு

மர்ம நாவல் தரும் திகில், படிப்பவரைச் சுற்றியுள்ள இரைச்சலுக்கு நேர்மாறாக அமையும். இதைச் சோதிக்கத் தாம்பரம் வட்டாரத்தில் திருமுடிவாக்கத்தைவிடத் தகுந்த களம் இல்லை. சிட்கோ தொழிற்பேட்டையின் பிரஸ் ஷாப்களில் தகட்டின்மேல் விழும் ஒவ்வொரு அடியும் கதையிலுள்ள கொலுசுச் சத்தத்தை விழுங்கிவிடுகிறது. நைட் ஷிப்ட் டீ இடைவேளையில் பாக்கெட் நாவல் புரட்டும் தொழிலாளிக்கு மோகினியைவிட சூப்பர்வைசரிடமே அச்சம் அதிகம்.

தமிழில் மர்ம நாவல் நூறாண்டு கண்டது. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸைத் தழுவி எழுதிக் குவித்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘திகம்பர சாமியார்’ 1950இல் படமாகி, எம்.என். நம்பியாருக்கு வேடம் மேல் வேடம் கொடுத்தது. அக்காலத்து மாறுவேடத்தை வாசகர் அனைவரும் கண்டுகொள்வர்; கதாபாத்திரங்கள் மட்டும் ஏமாறுவர். பின்னர் தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்தியே துப்புத் துலக்கினார். சுஜாதா ‘கொலையுதிர் கால’த்தில் பேயா விஞ்ஞானமா என்ற வழக்கைக் கணேஷ்-வசந்திடம் ஒப்படைத்தார்.

ராஜேஷ்குமாரின் 1,500க்கும் மேற்பட்ட நாவல்களில் பல, இரு கதைகளை மாறிமாறி ஓடவிட்டு இறுதியில் முடிச்சுப் போடுபவை. இங்கே வாசகர் பிரிகிறார். ஒற்றைப்படை அத்தியாயங்களை மட்டும் படித்து விரைபவருக்குப் பிணம் கிடைக்கும், கொலைகாரன் கிடைக்கமாட்டான். கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவருக்குக் கொலைகாரன் கிடைப்பான். யாரைக் கொன்றான் என்பதுதான் மர்மம். இவ்விருவரையும் அடுத்தடுத்து உட்கார வைத்தால் ஒரு முழு வாசகர் தேறுவார்.

பழைய புத்தகக் கடைப் பிரதிகளில் மூன்றாமவர் ஒருவர் உறைகிறார்: பென்சில் உரைகாரர். நச்சினார்க்கினியர் பாட்டைப் பிரித்துக் கூட்டிப் பொருள் உரைத்தார். இவரோ முதல் அத்தியாயத்திலேயே ஒரு பெயரின் கீழ் கோடிட்டு, ‘இவன்தான்’ என்று எழுதி, உரையை முடித்துக்கொள்கிறார். சுருக்கத்தில் இவரை விஞ்ச ஆளில்லை. கருணையில் எல்லாரும் விஞ்சுவர்.

தொழிற்பேட்டையில் இரைச்சல் நீங்கினால் என்ன ஆகும் என்பதற்கான பரிசோதனை ஆண்டுக்கொரு முறை, ஆயுத பூஜையன்று தானாகவே நடக்கிறது. மெஷின்கள் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்கின்றன. பொரி, கடலை, ஸ்வீட் பாக்கெட்டோடு எல்லாரும் போய்விட, கேட்டில் வாட்ச்மேன் மட்டும் மிஞ்சுகிறார். கையில் இந்திரா சௌந்தர்ராஜன் நாவல். காலடியில் குங்குமம் அப்பிய எலுமிச்சைத் துண்டுகள், வாசலில் சிவப்பாகச் சிதறிய பூசணிக்காய். இந்நிலையில் நூலாசிரியர் வர்ணனைக்கு மெனக்கெட வேண்டியதே இல்லை. ஓட்டின்மேல் பூனை நடந்தாலும் அது கதையின் கணக்கில் சேர்ந்துவிடும்.

மின்வெட்டும் இதே பலனைத் தரவேண்டும் என்று வாதிடலாம். தராது. கரண்ட் போன மறுநிமிடம் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும். அதன் சத்தத்தில் பிரஸ்ஸே அடங்கிவிடும்.