வலைத் திண்ணை: ராமகுப்பம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

திண்ணை வீட்டைச் சேர்ந்ததா, தெருவைச் சேர்ந்ததா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. பட்டா வீட்டுக்காரர் பேரில். அனுபவ பாத்தியதை ஊரார் பேரில். இப்படிச் சிக்கலில் கிடக்கும் ஒரு சொத்துக்குக் கொசுவலை அடிப்பது சட்டப்படி எதில் சேரும்? தமிழகமும் கர்நாடகமும் எட்டிப் பார்க்கும் சித்தூர் மாவட்டத்து மூலையில், ராமகுப்பம் பக்கம் உட்கார்ந்து யோசித்தால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். குப்பத்தில் 1997 முதல் இருக்கும் திராவிடப் பல்கலைக்கழகம் மொழிகளைப் பார்த்துக்கொள்ளட்டும்; திண்ணையை நாம் பார்த்துக்கொள்வோம்.

முதலில் முன்னோர் ஆய்வுகள். 1897 ஆகஸ்ட் 20 அன்று சிகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றைப் பிளந்து மலேரியாக் கிருமியைக் கண்டார். 1900இல் பாட்ரிக் மான்சன் ஏற்பாட்டில் சாம்பன், லோ என்ற இரு மருத்துவர்கள் ரோம் நகருக்கு அருகே, மலேரியாவுக்குப் பேர்போன சதுப்பு நிலத்தில் வலையடித்த மரக்குடில் ஒன்றில் குடியேறினார்கள். பொழுது சாய்வதற்குள் உள்ளே போய்விட வேண்டும், விடிந்த பிறகே வெளியே வர வேண்டும். காய்ச்சல் பருவம் முடிந்தது. இருவரும் காய்ச்சல் இல்லாமல் எழுந்து வந்தார்கள். உலகம் இதை ஏற்றுக்கொண்டது. நமக்கு ஓர் ஆட்சேபம் உண்டு: விளக்கு வைக்கும் நேரத்தில் சம்பந்தி வீட்டார் கல்யாணப் பத்திரிகையோடு வந்து வாசலில் நிற்கும் நிலைமையை அந்தப் பரிசோதனை கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

வலையின் பூர்வீகத்தையும் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கில்பர்ட் அண்ட் பென்னட் என்று ஒரு சல்லடைக் கம்பெனி. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் தென்மாநில வியாபாரம் படுத்துவிட்டது. தேங்கிப்போன கம்பிவலைக்குத் துருப்பிடிக்காமல் பெயின்ட் அடித்து, ஜன்னலுக்குப் போடுங்கள் என்று விற்றார்கள். ஆக, மாவு சலிக்க வந்தது ஈ சலிக்கப் போனது.

இன்று கடையில் கிடைக்கும் சாதாரண வலையில் அங்குலத்துக்கு ஒரு பக்கம் 18, மறுபக்கம் 16 கண்கள் இருக்கும். ஒவ்வொரு கண்ணும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கொசு நுழையாது. காற்று நுழையும், ஆனால் முன்போல் தாராளமாக அல்ல. செம்மண் தூசி வலையில் படிந்து ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் அதுவும் கிடையாது. இதுபோக, கல்தூண் எந்த இடத்திலும் நேராக இருக்காது. வெல்டிங்காரர் சதுரக் குழாயில் சட்டம் அடித்துக்கொண்டு வந்து நிறுத்தினால் மேலே விரற்கடை இடைவெளி, கீழே அரை விரற்கடை. அங்கே எம்-சீல் அப்பப்படும். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடுக்கை யாரும் கவனிப்பதில்லை; கொசு கவனிக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் சங்கதியே வேறு. மூடாத குடத்திலும் சிமென்ட் தொட்டியிலும் நல்ல தண்ணீரில் பிறந்து, பகலில் கடிப்பது அது. வெளியே போக விடாமல் வலையடித்து அதற்கு நாமே வீட்டோடு சாப்பாடு போடுகிறோம்.

யானையைப் பற்றிச் சொல்லாமல் இந்த வட்டாரத்தில் எந்தத் தடுப்பைப் பற்றியும் எழுத முடியாது. 1980களில் தமிழகக் காடுகளிலிருந்து வந்தவை கௌண்டின்யா சரணாலயப் பகுதியில் தங்கிவிட்டன. ராமகுப்பம் மண்டலத்து நனியாலாவில் வனத்துறை கும்கி முகாமே அமைத்தது. பயிரை இழந்தவர்களிடம் இதில் வேடிக்கை பேச முடியாது. யானைக்கு அகழி, சூரிய மின்வேலி, கொசுவுக்கு வலை, நடுத்தர உருவம் கொண்ட கடன்காரருக்கு மட்டும் இன்றுவரை தடுப்பு ஏதுமில்லை என்று குறித்துக்கொண்டு நகர்வோம்.

இந்த ஊர்ப்பக்கம் மனிதருக்கு முன்பே முறையாக வலையடித்த வீடு கண்டது பட்டுப்புழு. மல்பெரி போட்டுப் புழு வளர்க்கும் குடும்பங்களுக்கு ஊசி ஈ என்றால் குலை நடுங்கும். 1980இல் வங்காளத்திலிருந்து கர்நாடகத்துக்கு வந்து சேர்ந்த ஈ அது. புழுவின் உடம்பில் முட்டையிடும். புழுவுக்குள் வளரும் குஞ்சு கூட்டைத் துளைத்துக்கொண்டு வரும். துளை விழுந்த கூட்டில் நூல் எடுக்க வராது. அதனால் ஜன்னலுக்கெல்லாம் நைலான் வலை. வாசலுக்கு முன்னால் ஒரு சின்ன முன்னறை: வெளிக்கதவைச் சாத்திய பிறகே உள்கதவைத் திறக்க வேண்டும். நுழைகிற இடத்தில் கால் நனைத்துப் போகக் கிருமிநாசினி. வேண்டாதவர் உள்ளே வரவே கூடாது.

இந்த ஏற்பாடு பலிப்பதற்குக் காரணம் நைலான் இல்லை என்பது நம் துணிபு. பட்டுப்புழுவுக்கு உறவினர் கிடையாது. "சாப்பிட்டுத்தான் போகணும்" என்று அது யாரையும் கையைப் பிடித்து நிறுத்துவதில்லை. மனிதத் திண்ணையில் நடப்பதைப் பாருங்கள். வந்தவர் எழுந்து விடைபெற்று வலைக்கதவைத் திறக்கிறார். ஒரு கால் படியில், ஒரு கால் உள்ளே. அப்போதுதான் வந்த காரியம் நினைவுக்கு வருகிறது. பெண்ணின் ஜாதகம், கூட்டின் விலை, ஏரியில் தண்ணீர் வருமா, தேர்தல். தமிழ், தெலுங்கு, கன்னடம் எதில் பேசினாலும் நேரம் குறைவதில்லை. பிடித்தபடி திறந்திருக்கும் அந்தக் கதவின் பரப்பை வலையின் கண்களோடு ஒப்பிட்டால், கண்ணை எவ்வளவு சிறியதாக்கினாலும் பயனில்லை என்பது விளங்கும்.

"கதவு தானா மூடிக்கணும்னா ஸ்பிரிங் போட்டுடலாம்ணா" என்றார் வெல்டிங்காரர்.

"போடலாம்ப்பா. அம்மா கையில காப்பித் தட்டோட வர்றப்போ முதுகுல அடிச்சா யாரு பதில் சொல்றது?"

பின் ஒரு வீட்டில் நம் ஆலோசனைப்படி புழுமனை முறையே கையாளப்பட்டது. வலைத் திண்ணைக்கு முன்னால் வெளிக்கதவோடு ஒரு முன்னறை, செருப்பு விட இடம், இரண்டு பக்கமும் உட்கார்ந்து கால் துடைக்கக் குப்பத்துக் கிரானைட்டில் இரண்டு பலகை. வெளிக்கதவு முதல் வாரத்திலேயே கல் முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கப்பட்டது. கல் குளிர்ச்சியாக இருந்தது, காற்றும் தடையில்லாமல் வந்தது. வந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுப் பெரியவரும் இப்போது அங்கேதான். வலைக்குள் மோட்டார் சைக்கிளும் காலி கேஸ் சிலிண்டரும் மல்பெரி மூட்டையும் கொசுக்கடி இல்லாமல் இருக்கின்றன. முன்னறைக்கும் வலை அடிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறார்கள். வெல்டிங்காரர் டேப் வைத்து அளந்துகொண்டு போயிருக்கிறார்.