கண்ணீர்க் கோட்டியல்: பழைய குடும்பப் பட கேசட்டுகளைச் சேர்த்தலும் விற்றலும்

இவ்வாராய்ச்சி என் நுதலிற்றோ எனின், டெக்கு ஒழிந்த பின்னும் ஒழியாமல் பரண்களில் கிடக்கும் குடும்பப் பட வீடியோ கேசட்டுகளைச் சேர்க்கும் முறைமையும் விற்கும் திறனும் உணர்த்துதல் நுதலிற்று. சேர்க்கும் முறைமை எனக்குத் தெரியும். விற்கும் திறன் போகப் போக வரும் என்று 12 வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் சொற்பொருள். 'டெக்கு' என்பது வி.சி.ஆர்., வி.சி.பி. இரண்டுக்கும் நம்மூர் வைத்த ஒரே பெயர். முன்னது பதியவும் செய்யும், பின்னது படம் மட்டும் காட்டும். வாடகைக்கு எடுத்துவந்து விடிய விடிய மூன்று படம் பார்த்தவர்களுக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை. 'குடும்பப் படம்' என்பது, முடிந்து விளக்கைப் போட்டதும் வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்காத படம். சண்டைப் படத்தையும் பேய்ப் படத்தையும் இவ்வாய்வு விலக்குகிறது. அவற்றைச் சேர்ப்பவர்கள் வேறு கூட்டம். அவர்களிடம் பணம் இருக்கிறது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்குக் காரணம் நான்கு என்றார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவருக்கு வி.எச்.எஸ். கேசட் தெரியாது, ஜே.வி.சி. நிறுவனம் அதை ஜப்பானில் வெளியிட்டதே 1976இல்தான். ஆயினும் என் அலமாரியின் நான்கு தட்டுகளுக்கும் அவர் வகுத்தது அப்படியே பொருந்துகிறது. மூத்த மகன் காசுக் கணக்குப் பார்த்து அப்பாவை நோகடிக்கும் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) இளிவுத் தட்டில். 'துலாபாரம்' (1969) வறுமைத் தட்டில். 'பாசமலர்' (1961)தான் தகராறு. அண்ணன் வாழ்ந்து கெடுவதால் அது அசைவு; கடைசியில் அண்ணனும் தங்கையும் சாவதால் இழவு. இரண்டு பிரதி வாங்கி இரண்டு தட்டிலும் வைத்துவிட்டேன். உரையாசிரியர்கள் ஆளுக்கொரு பக்கமாக நின்று சண்டை போட்ட இடங்கள் பலவற்றைப் பத்து ரூபாயில் தீர்த்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

கிடைக்குமிடம்: பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, பழைய பேப்பர் கடை, வீடு காலி செய்பவர்களின் வாசல். சந்தையில் தார்ப்பாய் விரித்திருந்த ஒருவரிடம், "கோடு விழுந்தது தனியா இருக்காண்ணே?" என்றேன்.

"எல்லாமே விழுந்ததுதான் சார். ஓடுமா ஓடாதான்னு என்னைக் கேக்காதீங்க. கிலோவா எடுத்துக்குங்க."

கேசட் ஒன்று ஏறத்தாழ 200 கிராம். கிலோவுக்கு ஐந்து அழுகை என்று கொள்க.

வாங்குமுன் கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியே டேப்பின் விளிம்பைப் பார்க்க வேண்டும். திருநீறு பூசினாற்போல் வெளுத்திருந்தால் பூஞ்சை. அதை டெக்கில் போட்டால் டெக்குக்கும் ஒட்டும். டெக்கிலிருந்து அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். தளர்ந்த டேப்பைச் சுற்ற பென்சிலோடு வருகிறவரைப் பார்த்தால் அவர் இத்துறைக்குப் புதியவர் என்று அறிக. பென்சில் ஆடியோ கேசட்டுக்கு உரியது. வீடியோ கேசட்டின் அடியில் நடுவே ஒரு துளை உண்டு. அதில் குச்சியை விட்டுப் பூட்டை அமுக்கினால்தான் சக்கரம் சுழலும். அப்படியும் சிக்கினால் அடியில் உள்ள ஐந்து திருகாணிகளையும் கழற்ற வேண்டியதுதான்.

கேசட்டின் காலத்தை அறியத் திரையின் அடியில் நகர்ந்து ஓடும் விளம்பர வரி உதவும். கதாநாயகி உயிரை விடும்போதும் அவள் கழுத்துக்குக் கீழே நகைக்கடையின் பெயர் போய்க்கொண்டிருக்கும். இவை பெரும்பாலும் திருட்டுப் பிரதிகள் என்பதை மறைக்க விரும்பவில்லை. 1982ஆம் ஆண்டுக் குண்டர் தடுப்புச் சட்டத்துக்குள் திருட்டு வீடியோக்காரர்களை 2004இல் கொண்டுவந்தார்கள். அதற்குள் ஊர் சிடிக்கு மாறியிருந்தது; என் ஆய்வுப் பொருள்கள் தப்பின.

இனி ஆராய்ச்சியின் உயிர்நிலை. டெக்குக்குள் போன டேப் ஒரு சாய்ந்த உருளையைச் சுற்றி வளைந்து நிற்கும். அந்த உருளை விநாடிக்கு 25 முறை சுழலும். டேப் விநாடிக்கு இரண்டரை சென்டிமீட்டர்கூட நகராது. 'பாஸ்' பொத்தானை அமுக்கினால் டேப் நிற்கும், உருளை நிற்காது. ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும். (இதற்கு அஞ்சியே பல டெக்குகள் ஐந்து நிமிடத்தில் தாமாகப் பாஸை விட்டுவிடும்.) தேய்ந்த இடத்தில் காந்தப்பூச்சு உதிரும். உதிர்ந்த இடம் திரையில் வெள்ளைக் கோடாக ஓடும்.

சரி, குடும்பப் படத்துக்கு நடுவே யார், எப்போது பாஸ் போடுவார்கள்? அழுகை முட்டும்போது. "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று எழுந்துபோய் முகம் கழுவி வருவார்கள். ஆகவே கோடு விழுந்த இடம் ஒரு வீடு அழுத இடம். இதற்குக் கண்ணீர்க் கோடு என்று பெயரிட்டேன். 'சம்சாரம் அது மின்சாரம்' என்னிடம் நான்கு பிரதி. அப்பாவாக வரும் விசு வீட்டை இரண்டாக்கித் தரையில் கோடு போடும் கட்டத்தில், நான்கில் மூன்று டேப்பிலும் கோடு. இதற்கு மேலும் சான்று கேட்போர் ஆராய்ச்சிக்கு உரியரல்லர்.

அற்றேல், பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டாலும் டேப் தேயுமே எனின், தேயும். ஆனால் அது பாட்டு முழுக்கப் பரவலாகத் தேயும். அழுகை ஒரு புள்ளியில் தேயும். பூஞ்சைக் கோடோ என்று கடாவின், அது இடம் பார்த்து விழுவதில்லை என்க. என் மனைவி எழுப்பிய தடை ஒன்றுண்டு: "அழுகை வந்தா மனுஷன் அப்படியே உக்காந்து அழுவான். பாஸ் போட்டது பாத்ரூம் போகறதுக்கா இருக்கும்." இதற்கு இன்னும் விடை எழுதவில்லை.

விற்றல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோடு மிகுந்த கேசட்டுக்கு விலை மிகுதி என்பது என் கொள்கை. வாங்க வருபவர்கள் கோடில்லாததைக் கேட்கிறார்கள். கோடில்லாத படம் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிறது. போட்டுப் பார்க்க அவர்களிடம் டெக்கும் இல்லை. கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஒரு டெக்கை உயிரோடு வைக்க இரண்டு டெக்குகளின் உறுப்பு தேவை. ஒருமுறை 1990ஐக் காட்டும் காட்சிக்காக ஒரு கலை இயக்குநர் வந்தார். வெற்று உறைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கேசட்டுகளைப் பையில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

எஞ்சியது ஒன்று. மேற்சொன்ன நான்கில் கோடில்லாத அந்த நான்காம் பிரதி. வெகுநாள் அதை என் கொள்கைக்கு விதிவிலக்காக ஒதுக்கி வைத்திருந்தேன். கேசட்டின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதிய முடியாது. இதில் பல் உடைக்கப்பட்டிருந்தது. அந்தக் குழியின்மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தது. அதாவது அழியக்கூடாது என்று ஒருவர் நினைத்ததை இன்னொருவர் அழித்திருக்கிறார். கேசட் 180 நிமிடம். படம் சுமார் இரண்டரை மணி நேரம். படம் முடிந்ததும் அணைத்துவிடுவது என் வழக்கம். ஒருநாள் மறந்து விட்டுவிட்டேன். திரை ஒருமுறை கலங்கி, கல்யாணப் பந்தி ஒன்று வந்தது. தாலி கட்டியது விசுவுக்கு அடியில் போய்விட்டது. சாப்பாடு மட்டும் மிச்சம்.

பச்சைப் புடவையில் ஒரு பாட்டி. யாரோ கூப்பிட நிமிர்ந்து பார்க்கிறார். கேமரா என்று தெரிந்ததும் வெட்கப்பட்டு இடக்கையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். அந்த இடத்தில் டேப் கிட்டத்தட்ட போய்விட்டது. பாட்டியின் முகத்தின்மேல் வெள்ளைக் கோடாகவே ஓடுகிறது. அடுத்த இலைக்கு வந்ததும் படம் பளிச்சென்று தெளிந்துவிடுகிறது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டாம் முறையும் போடச் சொன்னார். தடை எதுவும் எழுப்பவில்லை.

பாட்டியின் பக்கத்து இலையில் நீலச் சட்டைச் சிறுவன் ஒருவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்கிறான். பின்சுவரில் வெளிர்மஞ்சள் வண்ணம். மண்டபத்தின் பெயர் தெரியவில்லை. கேசட்டின் முதுகில் கல்யாணப் பெயர்களை அடித்துவிட்டுப் படத்தின் பெயரை எழுதியிருக்கிறார்கள். அடையாளம் தெரிந்தவர்கள் வந்து பெற்றுக்கொள்ளலாம். காசு வேண்டாம். பார்க்க டெக்கும் தருகிறேன். டெக்கை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடவும்.