எலைக்கு வந்த வாழ்வு

வா மருமகனே, உக்காரு. அந்தக் கட்டில்ல கால் ஒண்ணு ஆடும், இந்தப் பக்கமா வா. டென்வர்ல வேலை கெடச்சிருச்சாமே! ஒங்கம்மா தெருவுல ஒரு வீடு விடாமச் சொல்லிட்டு வாரா. சந்தோசம். மலையடிவாரத்துல பொறந்தவன் மலையடிவாரத்துக்கே போறே. இங்க மேகமலை, அங்க ராக்கி மலை. இங்க மேகம் மலை மேல கெடக்கும். அங்க சில நாள் தெருவுக்குள்ளயே கெடக்கும். அது என்ன மேகம்னு சொல்லத்தான் ஒன்னையக் கூப்பிட்டு விட்டேன்.

கம்பத்துக்காரன்னு சொன்னா வெளியூர்க்காரன் ஒரு தினுசாச் சிரிப்பான், பாத்திருக்கேல்ல? நம்ம பன்னீர் திராட்சையை நெனச்சுத்தான் சிரிக்கிறான்னு நானும் முப்பது வருசமா மனசைத் தேத்திக்கிட்டு இருந்தேன். அந்தச் சிரிப்புக்குக் காரணமான எலையை அங்க வெளக்குப் போட்டு, கண்ணாடிச் சாடியில அடுக்கி, ரசீது குடுத்து விக்கிறான். நானே இந்தக் கண்ணால பாத்தேன்.

எம்மக பேறுகாலத்துக்கு நானும் ஒங்க அத்தையும் 2013 மார்கழியில போயிருந்தோமுல்ல, அப்ப. 2014 சனவரி 1, விடியக்காலம். பனி பூ மாதிரி கொட்டுது. வீட்டு மாப்பிள்ளையோட காலாற நடந்து போறேன். ஒரு கடை வாசல்ல அம்புட்டு நீளத்துக்கு வரிசை. எளவட்டம் மட்டுமில்ல, நரைச்ச தாடிக்காரகளும் நிக்காக. ஒருத்தரும் முண்டலை, மோதலை. பொங்கல் பை குடுக்காங்க போலன்னு நானும் கடைசி ஆளுக்குப் பின்னாடி போயி நின்னுட்டேன். மாப்பிள்ளை முகம் வெளுத்துப் போயி, எங்கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தாரு. அன்னைக்குத்தான் டென்வர் இருக்குற கொலராடோ மாநிலத்துல கஞ்சாக் கடைக்கு முத நாளு, மொதக் காட்சி.

கணக்கும் நம்ம ரேசன் கணக்குத்தான். 21 வயசு ஆகலேன்னா வாசப்படி மிதிக்க முடியாது. அப்ப அந்த மாநிலத்து அட்டை இருந்தா 28 கிராம், வெளியூர்க்காரனுக்கு 7 கிராம்னு வச்சிருந்தாக. இப்பிடி ஒரு நேர்த்தியா நம்ம ரேசன் கடையில பாமாயில் ஊத்துனா நான் ஏன் காலங்காத்தால சண்டை போடப் போறேன்?

மருமகனே, அந்த ஊருச் சமாச்சாரத்தை ஒரு கல்யாண வீடா நெனச்சுக்க. எலைதான் பொண்ணு. கல்யாணத்துக்கு நாலு தினுசா ஆளு வந்திருக்கு. ஆடுறவன், மொறைக்கிறவன், கணக்குப் பாக்குறவன், மொய் எழுதுறவன். நாலு பேரையும் தெரிஞ்சுக்கிட்டாத்தான் நீ எங்க நிக்கணும்னு தெரியும்.

ஆடுறவுக கதையைக் கேளு. 2012 நவம்பர்ல நாட்டுத் தலைவர் தேர்தலோட சேத்து, கொலராடோக்காரகளும் வாஷிங்டன் மாநிலத்துக்காரகளும் எலைக்கு ஓட்டுப் போட்டாக. நம்ம பக்கம் எலைச் சின்னத்துக்கு ஓட்டுப் போடுவாக. அங்க எலைக்கே ஓட்டு. ரெண்டு மாநிலத்துலயும் நூத்துக்கு 55 பேரு சரின்னுட்டாக. கொலராடோவுல ஒபாமா வாங்குன ஓட்டைவிட எலை வாங்குன ஓட்டு அதிகம். இத்தனைக்கும் ஆளுநர் ஹிக்கன்லூப்பர் வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டிருந்தவரு. தோத்த அன்னைக்கு மனுசன் கோவிச்சுக்கலை. மக்கள் சொல்லிட்டாக, ஆனா நாட்டுச் சட்டம் இன்னும் ஒத்துக்கலை, அதனால நொறுக்குத்தீனிப் பொட்டலத்தை அவசரப்பட்டுப் பிரிக்காதீகன்னாரு. கஞ்சா இழுத்தவனுக்குப் பசி பிடுங்கும்ல, அதைத்தான் நாசூக்காக் குத்திக் காட்டினாரு.

சியாட்டில்ல நடந்தது அதுக்கு மேல. 2013-ல கஞ்சாத் திருவிழாவுக்கு வந்த கூட்டத்துக்குப் போலீஸ்காரகளே டோரிட்டோஸ் சிப்ஸ் பொட்டலம் குடுத்தாக. புதுச் சட்டப்படி எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாதுன்னு பொட்டலத்து மேல ஒட்டியிருந்துச்சாம். நம்ம ஊர்ல போலீஸ்காரர் பொட்டலத்தோட வந்தா, அது சாட்சிப் பொருளு.

அங்க நானூத்தி இருபதுன்னா என்ன தெரியுமா? நமக்கு ஊரை ஏமாத்துறவன். அவுகளுக்குக் கஞ்சாவுக்குக் குறிச்சொல்லு. டென்வருக்குக் கிழக்கே பெரிய ரோட்டுல 420-ஆவது மைல் பலகையை நட்டா, ராத்திரியோட ராத்திரியா ஒருத்தன் பிடுங்கிட்டுப் போயிருவான். நட்டு நட்டு அலுத்துப்போன ரோட்டு இலாகாக்காரக கடைசியில 419.99-னு எழுதி நட்டுட்டாக. எனக்கு என்ன வருத்தம்னா, இம்புட்டு மூளைக்கார அதிகாரியை நம்ம பக்கம் ரோட்டுக் குழியை அடைக்க அனுப்ப மாட்டேங்கிறான்.

அடுத்து மொறைக்கிறவுக. பக்கத்து மாநிலம் நெப்ராஸ்காவும் ஓக்லஹோமாவும் சேந்துக்கிட்டு, கொலராடோக் கஞ்சா எங்க எல்லைக்குள்ள வழியுதுன்னு 2014 டிசம்பர்ல உச்ச நீதிமன்றத்துக்கே போனாக. பக்கத்து வீட்டு முருங்கைமரம் நம்ம ஓட்டு மேல சாயுதுன்னு பஞ்சாயத்து வைப்போமே, அதே வழக்கு. 2016-ல கோர்ட்டு எடுக்கவே மாட்டேன்னுருச்சு. கொலராடோவுக்குள்ளயே கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரு, நோய்க்கு மருந்துன்னா விக்கலாம், சும்மா இழுக்க விக்கக் கூடாதுன்னு 2024 வரைக்கும் வீம்பா நின்னுச்சு. நடுவுல எத்தனை டிரைவர் எழுபது மைல் டென்வருக்கு ஓட்டிப் போயி வாங்கிட்டு வந்தானோ, அது அவனவன் டயருக்குத்தான் தெரியும்.

இவுகளைக் கேலி பண்றேன்னு நெனைக்காத. இவுக பயத்துல பாதி நெசம். சாக்லேட்டுல கலந்து வித்தான் பாரு, அங்கதான் வெனை. மொரீன் டௌடுன்னு நியூயார்க் டைம்ஸ்ல பேர்போன எழுத்துக்காரம்மா, 2014-ல டென்வருக்கு வந்து ஓட்டல் ரூம்ல ஒரு சாக்லேட்டைக் கடிச்சிருக்காக. ஒண்ணும் பண்ணலையேன்னு இன்னுங் கொஞ்சம். பெறகு எட்டு மணி நேரம் போர்வைக்குள்ள சுருண்டு, நாம செத்தே போனோம், யாரும் சொல்ல மாட்டேங்கிறாகன்னு கெடந்திருக்காக. புதுசாத் திங்கிறவுக அந்தக் கட்டியைப் பதினாறு துண்டாக்கித் திங்கணும்னு அப்புறமாச் சொன்னாகளாம். புகைன்னா ஒடனே ஏறும், எறங்கும். தீனின்னா வயித்துக்குள்ள போயி, மெல்ல வேலை பாத்து, ஒண்ணு ரெண்டு மணி நேரங்கழிச்சு மொத்தமா வந்து கதவைத் தட்டும். படிச்ச அம்மாவுக்கே அந்தக் கதின்னா, பொம்மை மாதிரி செஞ்ச ஜெல்லி மிட்டாயைச் சின்னப்புள்ளை எடுத்தா? அதனாலதான் மிருகம், பழம் உருவத்துல மிட்டாய் செய்யக் கூடாதுன்னு பின்னாடி அந்த மாநிலத்துலயே சட்டம் போட்டாக. மொறைக்கிறவன் ஒருத்தன் பந்தல்ல இருந்தாத்தான் அடுப்புப் பக்கம் புள்ளை போகாது.

ஆனா மொறைக்கிறவுக மறைக்கிற கணக்கும் ஒண்ணு இருக்கு. வெள்ளைக்காரனும் கறுப்பனும் ஏறக்கொறைய ஒரே அளவுலதான் இழுத்தாக. கஞ்சா வச்சிருந்தான்னு கறுப்பனைப் புடிச்சது மட்டும் நாலு மடங்குக்குக் கொஞ்சந்தான் கொறைவு. 2013-ல உரிமைச் சங்கத்துக்காரக எண்ணிச் சொன்னாக. எலை ஒண்ணுதான், வெலங்கு மட்டும் ஆளைப் பாத்து மாட்டியிருக்கு. இதுல சிரிக்க ஒண்ணுமில்ல. ஆடுறவன்ல பல பேரு போதைக்கு ஆடலை, இந்தக் கணக்குத் தீந்துச்சேன்னு ஆடுனான்.

மூணாவது, கணக்குப் பாக்குறவுக. எனக்குப் புடிச்ச ஆளுக இவுகதான். 2015-ல ஒஹாயோ மாநிலத்துல எலைக்கு அனுமதி கேட்டு ஓட்டுக்கு விட்டாக. ஆனா மொத்த மாநிலத்துக்கும் பத்தே பத்து எடத்துலதான் பயிர் பண்ணலாம், அந்தப் பத்தும் காசு போட்ட முதலாளிகளுக்குத்தான்னு உள்ள ஒரு வரி. ஓட்டுக் கேக்க ஒரு கஞ்சா மொட்டுக்குக் கை கால் மாட்டி, வீர உடுப்புப் போட்டு வேற ஊருக்குள்ள விட்டாக. ஊர்க்காரக பொம்மையையும் பாத்தாக, அந்த வரியையும் படிச்சாக. நூத்துக்கு 64 பேரு வேணாம்னுட்டாக. அந்த வரி இல்லாம 2023-ல திரும்பக் கேட்டப்ப, அதே ஊர்ல 57 பேரு சரின்னு சொன்னாக. எலை மேல கோவமில்ல மருமகனே, வயலைப் பட்டா போட்டு வாங்கப் பாத்தவன் மேலதான் கோவம். ஃபுளோரிடாவுல 2024-ல 56 பேரு சரின்னும் தோத்துப் போச்சு. அங்க 60 வேணுமாம். முத்தின மாங்காயை ஒத்தைக் கல்லுல அடிக்க முடியாதபடி சட்டம் எழுதி வச்சிருக்கான்.

நாலாவது ஆளுதான் முக்கியம். மேடைக்குப் பக்கத்துல மேசை போட்டு மொய் எழுதுறவன். அவன் ஆடவும் மாட்டான், மொறைக்கவும் மாட்டான். பேனா மூடியைக் கழட்டி வச்சிருப்பான்.

கொலராடோவுல சட்டத்துலயே எழுதிட்டான், கஞ்சா வரியில வருசத்துக்கு மொதல் 4 கோடி டாலர் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குன்னு. அப்பன் இழுக்குற புகையில புள்ளைக்குக் கூரை. நமக்கு இது புதுசா என்ன? டாஸ்மாக் கடையை அரசாங்கமே 2003-லருந்து நடத்தலையா? அங்க ஒரு சங்கடம், எலையை எல்லாரும் வெளைய வைக்கப் படிச்ச பெறகு எலைக்கு வெலை போச்சு. பக்கத்துல நியூ மெக்சிகோக்காரன் 2022-ல அவன் கடையைத் தெறந்துட்டான். 2021-ல 220 கோடி டாலருக்கு வித்த கொலராடோ, 2023-ல 150 கோடிக்குச் சொச்சத்துல வந்து நின்னுச்சு. ஜனங்க கஞ்சாவைக் கொறைச்சா நல்லது, வரி கொறைஞ்சா கெட்டது. ரெண்டு கண்ணுல எது அழும், எது சிரிக்கும்னு அந்த ஊரு நிதி அதிகாரியைத்தான் கேக்கணும்.

மொய் நோட்டு எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்து நாக்கு பெரண்ட கதை ஒண்ணு சொல்லவா? ஜான் பெய்னர்னு நாடாளுமன்றச் சபாநாயகரா இருந்தவரு. 2011-ல கஞ்சாவுக்கு அனுமதியா, எங்கொள்கை எந்நாளும் மாறாதுன்னாரு. பதவி போச்சு. 2018-ல ஒரு கஞ்சாக் கம்பெனி ஆலோசனைக் குழுவுல போயி உக்காந்துட்டாரு. அவரை மட்டும் சொல்லுவானேன்? 1969-ல காலப்ங்கிற கருத்துக் கணிப்புக்காரக கேட்டப்ப நூத்துக்கு 12 பேருதான் அனுமதிக்கலாம்னாக. 2013-ல 58. 2023-ல 70. இத்தனை வருசத்துல அந்தச் செடி ஒரு எலையைக்கூடக் கூட்டிக் கொறைச்சுக்கலை. அதே செடி, அதே வாடை. மூக்குத்தான் பழகிருச்சு. அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியில கொடை பிடிப்பான்னு சொல்லுவாக. இங்க அற்பன் கம்முனுதான் இருக்கான், கொடை பிடிக்கிறது சுத்தி நிக்கிற பெரிய மனுசங்க.

சரி, நாலு பேரையும் பாத்துட்டே. நீ எதுல சேத்தி?

ஒண்ணுலயும் இல்ல. இதுக்குத்தான் ஒன்னைய உக்கார வச்சு இம்புட்டு வளத்தேன். அங்க மாநிலம் ஒரு மாமியா, தலைநகர் வாஷிங்டன்ல இருக்குற நாட்டு அரசாங்கம் இன்னொரு மாமியா. சின்ன மாமியா சாப்பிடுன்னு சொல்லும், பெரிய மாமியா வாயைத் தெறந்தா சூடு போடும். 1970-ல போட்ட நாட்டுச் சட்டம் கஞ்சாவை ஹெராயினோட ஒரே வரிசையில உக்கார வச்சது. நாட்டுச் சட்டம் தடுக்குதுன்னு பெரும்பாலான வங்கிக்காரகளே கஞ்சாக் கடைக்காரனைக் கிட்ட அண்ட விடலை. அவன் ரொக்கத்தை மூட்டை கட்டி, துப்பாக்கிக்காரனைக் காவலுக்கு வச்சுக் கொண்டுபோனான். சொந்த ஊர்க்காரனுக்கே அந்தப் பாடு.

நீ விசாவுல போறவன். விசா, பச்சை அட்டை, குடியுரிமை மூணையும் குடுக்கிறது பெரிய மாமியா. அதுகிட்ட மாநிலச் சட்டம் செல்லாது. போலீஸ் புடிக்க வேணாம், கோர்ட்டுத் தண்டிக்க வேணாம். அதிகாரி சிரிச்ச முகமா, ஒங்க ஊர்ல இது சட்டப்படி சரிதானே, ஒருதரம் இழுத்துப் பாத்திருப்பீகளேன்னு கேப்பாரு. நீ வெள்ளந்தியா ஆமான்னா, அந்த ஒத்த வார்த்தையே கதவை அடைச்சிரும். இழுக்கவே வேணாம், அந்தக் கடையில சம்பளத்துக்கு இருந்ததுக்கே 2019-ல டென்வர்ல ரெண்டு பேருக்குக் குடியுரிமை இல்லேன்னுட்டாக. ரெண்டு பேரும் வருசக்கணக்கா பச்சை அட்டையோட இருந்தவுக. நீ கம்ப்யூட்டர்க்காரன். கஞ்சாக் கடைக்குக் கணக்குப் பாக்குற சாப்ட்வேர் எழுதக் கூப்பிட்டா, மொதல்ல வக்கீலைக் கேளு, பெறகு சம்பளத்தைக் கேளு.

கூட வேலை பாக்குறவன் வெள்ளிக்கெழமை சாயங்காலம் தோள்ல கை போட்டுக் கூப்பிடுவான். அவனுக்கு அது ஆகும், ஒனக்கு ஆகாது. பந்தியில எல்லாருக்கும் எலை போட்டிருக்கும். நீயும் உக்காருவே. சோறு விழுகுற நேரத்துல தோளைத் தொட்டு, தம்பி, நீ யாரு வீட்டு ஆளுன்னு ஒருத்தன் கேப்பான். பந்தியில எலையை விட்டு எந்திரிக்கச் சொன்னா, அந்த அவமானம் மூணு தலைமொறைக்குப் பேசுவாக. ஊர்வலம் பாரு, வேட்டு பாரு, 419.99 பலகைக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பந்தியில உக்காராத.

பச்சை அட்டை வர வரைக்கும் பச்சை எலை வேணாம். அட்டை வந்தப்புறமும், குடியுரிமை வர வரைக்கும் வேணாம். அதுக்குள்ள ஒனக்கு ஐம்பது வயசாகிரும். டாக்டர் காப்பியே வேணாம்பாரு.

என்ன சிரிக்கிறே? போ, ஒங்க அத்தை உள்ள முருங்கைக்கீரைப் பொடி அரைச்சுக்கிட்டு இருக்கா, மறக்காம வாங்கிக்க. அடியே, வெறும் பையில கட்டாத, மேல கொட்டை எழுத்துல பேரு எழுதி ஒட்டுன்னு காலையிலருந்து கத்திக்கிட்டு இருக்கேன். கம்பத்துலருந்து பச்சைப் பொடியோட டென்வருக்குப் போறவனை, நானே அதிகாரியா இருந்தாலும் நிறுத்தித்தான் மோந்து பாப்பேன்.