40 சேலைக்கு ஒரு காஃப்கா

ஏ மருமவனே, இங்க வா. வீட்டுல இருந்தே வேலைன்னு திண்ணையில உக்காந்து நீ போன்ல கத்துததைக் கேட்டுக் கேட்டு உன் தொழிலு எனக்கும் பாதி படிஞ்சு போச்சு. ஒரு நாளைக்கு 40 சேலை விக்கிற ஆன்லைன் கடைக்கு ஈவென்ட் டிரிவன் ஆர்க்கிடெக்சர் போடப் போறியாமே? பேஷ், போடு.

அதுல நியாயம் இல்லேங்கல. முந்தியெல்லாம் ஆர்டர் வந்தா, ஸ்டாக்கைக் கூப்பிட்டு, பதில் வார வரைக்கும் நின்னு, பிறகு பில், பிறகு கூரியர்னு ஒவ்வொருத்தன் வாசல்லயும் காத்துக் கிடக்கணும். கடைசியில எஸ்எம்எஸ் அனுப்புதவன் படுத்தாம்னா மொத்த ஆர்டரும் படுத்துரும். இப்ப ‘ஆர்டர் வந்துட்டு’ன்னு ஒரு வரி எழுதிப் போட்டா சோலி முடிஞ்சுது. கல்யாண வீட்டு மொய் நோட்டுதான். அடிச்சுத் திருத்த முடியாது. அவனவன் விட்ட இடத்துல இருந்து படிச்சுக்கிடலாம். கூரியர்க்காரன் ரெண்டு மணி நேரம் தூங்குனாலும் குடி முழுகாது. நாளைக்குப் புதுசா ஒருத்தன் கணக்குப் பாக்க வந்தாலும் எழுதுதவனை யாரும் தொட வேண்டாம்.

இந்த நோட்டு வேலைக்குன்னு லிங்க்டுஇன்ல செஞ்சு 2011-ல ஊருக்குப் பொதுவா விட்ட சாமானுக்கு காஃப்கான்னு பேரு வச்சாம் பாரு, சூட்சுமம் அங்கதான் இருக்கு. எழுதுததுக்கு வாகான சாமான், அதான் எழுத்தாளர் பேருன்னு அதைச் செஞ்சவங்கள்ல ஒருத்தரான ஜே கிரெப்ஸ் சொல்லுதாரு. சரிதான். ஆனா என்ன குத்தம்னே சொல்லாம ஒருத்தனைக் கைது பண்ணி அலையவிட்ட கதையும் அந்த எழுத்தாளர் எழுதுனதுதாம்லா?

முந்தி வேற கடைக்கு இதையே போட்டுட்டு நடுராத்திரி நீ அலைஞ்சியே, மறந்துட்டியா? ஒரு அம்மாவுக்கு ஒரே சேலைக்கு ரெண்டு தடவை பணம் போயிருக்கு. பணம் எடுக்கிற ப்ரோக்ராமு பணத்தை எடுத்துட்டு, ‘இந்த வரி முடிஞ்சுது’ன்னு குறிக்கதுக்குள்ள செத்துப்போச்சு. எந்திரிச்சு வந்து குறியைப் பாத்துது; அதே வரியைப் படிச்சுது; இன்னொருக்க எடுத்துட்டு. யாரைக் கேட்டாலும் ‘நான் சரியாத்தான் செஞ்சேன்’ங்கான். எல்லாவனும் சொன்னது நெசம், அதான் வேடிக்கை! ஆர்டர் நம்பரைப் பாத்து, ஏற்கெனவே எடுத்தாச்சுன்னா சும்மா இருன்னு முதல்லயே எழுதியிருக்கணும். ஐடெம்பொட்டன்ட்னு வாயில நுழையாத பேரு ஒண்ணு சொன்னியே, அது பணம் போன பிறகுதான் உனக்கு ஞாபகம் வந்துது.

வரிசையும் அப்படித்தான். நோட்டைப் பல பாகமா, அதாவது பார்ட்டிஷனாப் பிரிச்சிருக்கும்; ஒரு பார்ட்டிஷனுக்குள்ளதான் முன்னது முன்ன, பின்னது பின்ன. ஆர்டர் நம்பரைக் கீயா வச்சு ஒரே பார்ட்டிஷன்ல தள்ளாட்டா, கேன்சல் முந்திக்கிட்டு வந்து ‘எந்த ஆர்டரை?’ன்னு முழிக்கும். பிறகு இன்னொண்ணு: மொய் நோட்டு பேரன் காலம் வரைக்கும் டிரங்குப் பெட்டியில கிடக்கும். காஃப்கா நோட்டு, நீ மாத்தி வைக்காட்டா 7 நாளுதான். பத்தாம் நாள் வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தா, நீ எந்த நோட்டைப் புரட்டுவ?

40 ஆர்டருக்கு, இருக்கிற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்லயே ஒரு டேபிளைப் போட்டு வரிசையா எடுத்தா போதும்தான். ஆனா அதை ரெஸ்யூம்ல எழுத முடியுமா? காஃப்கான்னு எழுதுனாத்தான சம்பளம் ஏறும்! அதனால தைரியமாப் போடு மருமவனே. ராத்திரி போன் எடுக்க ஆன்-கால் பட்டியல் போடுவேல்லா, அதுல முதல் மாசம் பூராவும் இந்த யோசனையைச் சொன்ன கன்சல்டன்ட் தம்பி பேரை எழுதிட்டு, பிறகு அவன்கிட்ட இன்னொருக்க யோசனை கேளு.