மழைக்கு முன் ஒரு மனு

பெறுநர்: தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், சென்னை.

மாட்சிமை பொருந்திய ஆணையத்தாருக்கு,

2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கருணையை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது. புது வீடு வாங்குபவரிடம் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வசூலான பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் கிடந்து, வேலை நடந்த அளவுக்குத்தான் வெளியே வரும். சாவி கைக்கு வந்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்தால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு, விற்பனை சம்பந்தமில்லாத பழுதுபார்ப்பையும் புதுப்பித்தலையும் பதிவே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. நியாயம்தான். பழைய வீட்டில் ஏமாற்ற என்ன மிச்சமிருக்கிறது?

மொட்டை மாடி ஒழுகலையே எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் மேஸ்திரி தட்டோட்டைக் கொத்தி எடுக்கிறார், கெமிக்கல் அடிக்கிறார், மறுபடி ஓடு பதித்து இடுக்குகளைப் பூசுகிறார். பார்க்க லட்சணமாக இருக்கிறது. பாத்தி கட்டி இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்தால் குட்டு அன்றே வெளிப்படும். "இந்த வெயில்ல தண்ணிக்கு எங்க சார் போறது?" என்ற கேள்வியோடு அந்தச் சோதனை முடிந்து, கணக்கும் முடிகிறது. ஐப்பசியில், ஃபேன் கொக்கியைச் சுற்றி ஈரவட்டம் விரிகிறது. போன் செய்தால், "அது பழைய ஸ்லாப் சார், கம்பி துருப்பிடிச்சிருக்கு, அதுக்கு வேற எஸ்டிமேட்." பணம் கைமாறி ஆறு மாதம் கழித்துக் குறை தெரியும் வேலைக்குத்தான் உத்தரவாதம் முதலில் தேவை. சட்டம் கைகழுவியது அதைத்தான்.

நுகர்வோர் ஆணையம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம்கூடக் கிடையாது. ஆனால் என்ன பேசினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அங்கே கேட்பார்களே! நம் கையில் இருப்பது தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய "மாடி வேலை, லேபர் தனி, அட்வான்ஸ் பாதி."

மேஸ்திரியே அன்றாடங்காய்ச்சி, அவர் தலையில் லைசென்ஸையும் பதிவையும் கட்டினால் பெரிய கம்பெனிக்காரன்தான் பிழைப்பான் என்ற ஆட்சேபத்தில் உண்மை உண்டு. நொட்டை சொல்லிக் கடைசித் தவணையை அமுக்கிக்கொள்ளும் வீட்டுக்காரர்களுக்கும் ஊரில் பஞ்சமில்லை; சனிக்கிழமை சித்தாளுக்குக் கூலி கொடுக்க மேஸ்திரிதான் கைமாற்று வாங்க வேண்டும். ஆகவே லைசென்ஸ் வேண்டாம். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட ஒரு தாள் போதும்.

வீடு விற்பனைக்கு மாதிரி ஒப்பந்தம் இருக்கிறது. பழுதுபார்ப்புக்கும் ஒன்று வேண்டும். சட்டத்தில் இடமில்லை என்று கோப்பை மூடிவிடாதீர்கள். அரசுக்குப் பரிந்துரை செய்ய 32-ஆம் பிரிவு உங்களுக்கு இடம் தருகிறது. என்ன வேலை, எந்த சிமென்ட், கொத்திய ரப்பீஷை அள்ளுவது யார், எந்தக் கட்டம் முடிந்தால் எவ்வளவு, ஒரு மழைக்காலம் தாண்டும்வரை நிறுத்திவைக்கும் சிறு தொகை எவ்வளவு என்று எழுத இடம் விடுங்கள். "கொஞ்சம் எக்ஸ்ட்ரா ஆகும் சார்" என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். அதை மட்டும் சற்று அகலமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
சட்டப்படி விலக்கப்பட்ட வீட்டுக்காரன்