ஃபாரம் நிரப்பும் படிப்பு

கேள்வி: கல்லூரி உதவித்தொகை கிடைப்பது நன்றாகப் படிப்பவனுக்கா, நன்றாக ஃபாரம் நிரப்புபவனுக்கா? (வாசகர், மயிலாப்பூர்)

பதில்: ராமானுஜனையே கேளுங்கள். கணக்கே கதி என்று கிடந்து இங்கிலீஷில் கோட்டை விட்டதால், கும்பகோணம் கல்லூரியில் அவருடைய ஸ்காலர்ஷிப் பறிபோனது. பிறகு சென்னை துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா. 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் தந்தது. டிகிரியே இல்லாதவருக்கு! ஒரே நிபந்தனை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அறிக்கை. அந்த ஆபீஸில் யாருக்கோ கண் இருந்திருக்கிறது.

இப்போது புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய். மார்க் பார்ப்பதில்லை, ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியா என்றுதான் பார்ப்பார்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் மீடியம் என்றாலும் சரி. எனக்குப் பிடித்த விதி. ஆனால் மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பேங்க் பாஸ்புக்கில் இனிஷியலே காணோம் என்றால் பையன் கணக்கில் புலியாக இருந்தும் பிரயோஜனமில்லை. ரிசல்ட் வருவதற்குள் இ-சேவை மையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் இரண்டுக்கும் அங்கேயே விண்ணப்பித்துவிடலாம்.