அம்மம்மாவின் விருப்ப நிகழ்ச்சி

எங்கள் வீட்டு றேடியோவை வாங்கித் தந்தது வெங்காயம். சிறிமா அம்மையாரின் ஆட்சியில் வெளிநாட்டு வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கட்டுப்பாடு விழ, உரும்பிராய்ச் செம்மண் தோட்டக்காரர் கொஞ்சம் நிமிர்ந்து நடந்த காலம். ஐயா ஒரு போகத்து வெங்காயத்தை விற்றுவிட்டு, தோல் உறை போட்ட ட்ரான்சிஸ்டர் ஒன்றோடு பலாலி வீதியில் வந்து இறங்கினார். அதற்கு லைசன்ஸ் வேறு எடுக்க வேண்டும். நாய்க்கும் சைக்கிளுக்கும் றேடியோவுக்கும் லைசன்ஸ் கேட்ட அரசாங்கம், சண்டித்தனத்துக்கு மட்டும் கேட்கவில்லை.

எனக்கு அது இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே. எஸ். ராஜாவின் பெட்டி. மூச்சு விடாமலும் ஓர் எழுத்துத் தேயாமலும் அந்த மனிதர் பேசுவதைக் கேட்டுவிட்டு, கிணற்றுக்கட்டில் நின்று வாளிக்குள் வாயை வைத்து நானும் பேசிப் பார்ப்பேன். அக்காவுக்கு அது சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்'. மக்கள் வங்கி செலவழித்துப் போட்ட நாடகம். கண்ணீர் மட்டும் கேட்பவர் செலவு. அம்மம்மாவுக்கு இரண்டும் வேண்டாம். அவவின் விருப்ப நிகழ்ச்சி மரண அறிவித்தல்.

அந்த நேரத்தில் வீட்டில் இருமக்கூடாது. "சத்தம் போடாதேயுங்கோடா. அளவெட்டி எண்டது காதில விழுந்தது, ஆரெண்டு விளங்கேல்லை." இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை, இன்னாரின் மைத்துனர் என்று அறிவிப்பாளர் அடுக்க அடுக்க, அம்மம்மா விரல் மடித்துக்கொண்டு போவா. முடிந்ததும் தீர்ப்பு வரும்: துடக்கு இருக்கா, இல்லையா, நாளைக்குப் பிள்ளையார் கோயிலுக்குப் போகலாமா. கொழும்பில் இருந்து வாசித்தவருக்கு, தன் குரல் உரும்பிராயில் ஒரு கிழவியின் கோயில் வாசலைத் திறந்து பூட்டியது தெரிந்திருக்காது.

பற்றரி இறங்கினால் அவவே கழற்றி முற்றத்து வெயிலில் காயவைப்பா. செத்த பற்றரிக்கு உயிர் வரவழைத்துச் செத்தவர்களின் விபரம் கேட்பது. அதோடு அந்த உயிரும் தீர்ந்துவிடும். ராஜா வரும் நேரம் பெட்டி கரகரக்கும்.

1952இல் கேஸ்கர் என்ற மந்திரி அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கப்போய், இந்தியாவே இலங்கை வானொலியின் பக்கம் காதைத் திருப்பியது பெரிய கதை. அதன் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனம் என்றால் தமிழ்நாட்டுப் பழசுகள் இன்றும் உருகும். அவர்கள் பாட்டுக் கேட்ட வானொலியில் நாங்கள் செத்தவீடு கேட்டோம்.

1977இல் இறக்குமதிக்குக் கதவு திறந்தது. ஜப்பான் கசெற் றேடியோக்கள் வந்தன. கூடவே வெளிநாட்டு வெங்காயமும் வந்தது. நல்ல றேடியோ கடைக்கு வந்த நேரம், அதை வாங்கும் காசு தோட்டத்தில் விளையவில்லை.

1989இல் கே. எஸ். ராஜாவைக் கொழும்பில் கொன்றுவிட்டார்கள். அடுத்த வருடம் யுத்தத்தோடு யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனது. பற்றரிக்கும் தடை. அப்போதுதான் சைக்கிள் வானொலி நிலையமாயிற்று. ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து, இடையில் ஒரு டயோட்டையும் செருகிவிட்டால் லண்டன் பேசும். இரவு ஒன்பதேகாலுக்கு பி.பி.சி. தமிழோசை. பெடல் மிதிப்பது நான். கால் சோர்ந்தால் அறிவிப்பாளர் ஆனந்தியின் குரல் கிணற்றுக்குள் இறங்கும், "மிதியடா!" என்று பத்துப் பேர் கத்துவார்கள். அரை மணித்தியாலம் மிதித்த எனக்குக் கேட்டது என் மூச்சு மட்டும்தான். செய்தியைப் பிறகு மற்றவர்களிடம் விசாரித்து அறிவேன்.

அம்மம்மா 1993இல் போனா. கொழும்புக்கு அறிவித்தல் கொடுத்தனுப்ப வழியில்லை. டைனமோ வயரைக் கழற்றிவிட்டு அதே சைக்கிளில் கோப்பாய், ஊரெழு, நீர்வேலி என்று ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லிக்கொண்டு போனேன். அன்பு மனைவி, பாசமிகு தாய், மைத்துனி எல்லாம் முறைப்படி வரிசையாகத்தான் சொன்னேன். கேட்டுப் பழகிய வாய்.

தமிழோசையின் வானொலிச் சேவை 2017இல் நின்றது. இப்போது என் கைபேசியில் கொழும்பு, சென்னை, ரொறன்ரோ, பாரிஸ் என்று எத்தனையோ தமிழ் வானொலி. பற்றரியைக் காயவைக்கவும் தேவையில்லை, மிதிக்கவும் தேவையில்லை. அறிவிப்பாளர்கள் ராஜாவைவிட வேகமாகத்தான் பேசுகிறார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டால், மிதித்த காலத்தைப் போலவே, யாரிடமாவது விசாரிக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அது தலைமாட்டில் தன்பாட்டில் பாடிக்கொண்டிருக்க நான் நித்திரையாகிவிடுவேன்.

போன மாதம் ஒரு விடியற்காலை ரொறன்ரோவிலிருந்து மருமகன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான்.

"மாமா, உங்கட பின்வீட்டு அப்பு மோசம் போயிட்டாராம். இஞ்ச படத்தோட போட்டிருக்கு. கேள்விப்படேல்லையே?"

எழும்பிப் போய் வேலிக்கு மேலால் பார்த்தேன். பந்தலுக்குத் தடி நட்டுக்கொண்டிருந்தார்கள்.